பன்னிரண்டு ஞாயிறு, ஒரே ஊர்: கிராமத்தில் சுகாதாரம் சொல்லித்தரும் தன்னார்வத் திட்டம் எப்படி?

ஐந்துக்கு மூன்றரை. மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடுகிறேன், போகலாமா வேண்டாமா என்று மட்டும் பார்க்க வருகிறவர்கள் இருப்பார்கள். போகலாம். கட்டாயம் போங்கள். ஆனால் அவர்கள் கையில் கொடுக்கிற படப் புத்தகத்தை நம்பிப் போகாதீர்கள், முதல் நாளே ஊருக்குப் பாடம் நடத்திவிடலாம் என்று நினைத்தும் போகாதீர்கள்.

நடத்துகிற தொண்டு நிறுவனத்தின் பெயரை நான் போடவில்லை. என்னோடு வந்த டீச்சர் ஏற்கெனவே வேறு இரண்டு இடங்களில் இப்படிப் போய் வந்தவர், நான் சொல்லப்போகும் குறைகள் அங்கேயும் அப்படியே இருந்தன என்றார். அதனால் பெயரைவிட, சேருவதற்கு முன்னால் எதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் உங்களுக்கு உதவும்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மருத்துவம் படித்தவள் இல்லை. அம்மா பீடி சுற்றித்தான் எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தாள். 2012-இல் கடையநல்லூர் பக்கம் (இப்போது தென்காசி மாவட்டம், அப்போது நம் மாவட்டம்தான்) டெங்கு பரவிய வருடம், அங்கே கட்டிக்கொடுத்திருந்த என் அக்காவின் பையன் காய்ச்சலில் விழுந்து ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தான். பிழைத்துவிட்டான், இப்போது காலேஜ் போகிறான். அந்த ஒன்பது நாளும் வராந்தாவில் உட்கார்ந்து எனக்கு ஒரே நினைப்பு. அக்கா வீட்டுப் புறவாசலில் ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு, குழாயில் நாலைந்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும் என்பதால் எப்போதும் நிரப்பியே வைத்திருப்பாள், அதில் நெளிந்துகொண்டிருந்த புழுவை ஒரு மாதம் முன்னால் நானே குனிந்து பார்த்திருக்கிறேன், ஆனால் அதுதான் கொசுவாகும் என்று எனக்குத் தெரியவில்லை. பி.காம். படித்த எனக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து மனதில் கிடந்த விஷயம், போன வருடம்தான் வேளை வந்தது.

சேருவது எளிது. ஒரு படிவம், ஆதார் நகல், 1,200 ரூபாய். அதற்கு ஒரு டீ-ஷர்ட், ஒரு தோள்பை, படங்கள் அச்சிட்ட பெரிய புரட்டுப் புத்தகம், கொஞ்சம் துண்டறிக்கை தருகிறார்கள். தன்னார்வமாக வருகிறவர்களிடம் எதற்குப் பணம் என்று சிலர் சண்டை போட்டார்கள். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, ஆனால் டீ-ஷர்ட்டுக்கு ஆன காசில் சோப்பும் அளவுக் கரண்டியும் வாங்கியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

பயிற்சி இரண்டு சனிக்கிழமை. முதல் சனிக்கிழமை முழுவதும் ஆங்கிலத்தில் எழுதின ஸ்லைடுகளைத் திரையில் போட்டு ஒருவர் வாசித்துக்கொண்டே இருந்தார். ஊரில் போய்த் தமிழில் பேசப்போகிறவர்களுக்கு இது எதற்கு? இரண்டாவது சனிக்கிழமை மதியம், ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் வந்து முக்கால் மணி நேரம் பேசினார். கட்டின பணம் அந்த முக்கால் மணி நேரத்துக்கே சரியாகப் போயிற்று. "முதல் மூணு வாரம் எதையும் சொல்லிக்குடுக்காதீங்க. எந்த வீட்ல தண்ணி எங்க இருக்கு, சோப்பு எங்க இருக்கு, பிள்ளைக்கு யாரு சோறு ஊட்டுதா, அத மட்டும் பாத்துட்டு வாங்க" என்றார். அந்த அம்மா பேச்சைக் கேட்டு நடந்த குழுக்கள்தான் கடைசிவரை நின்றன என்று பின்னால் தெரிந்தது.

எங்கள் குழுவில் நாலு பேர். நான், அந்த டீச்சர், காலேஜ் பையன்கள் இரண்டு பேர். முக்கூடல் தாண்டி ஒரு ஊர் ஒதுக்கினார்கள். ஆகஸ்ட் இரண்டாவது வாரம் தொடங்கி அக்டோபர் முடிய ஞாயிற்றுக்கிழமைகளில் போக வேண்டும், காலை பத்திலிருந்து மூன்று மணி வரை. ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்குப் பஸ் குறைவு, ஒன்றைத் தவறவிட்டால் மெயின் ரோட்டில் இறங்கி நடக்க வேண்டும். போய்வரும் செலவு உங்களுடையதுதான், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

ஊரில் பாதிக்கு மேல் வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் திண்ணையில் மடியில் சுளகோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், சுளகில் ஒரு பக்கம் வெட்டின இலை, ஒரு பக்கம் தூள். கை ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு அது என் வீடு மாதிரிதான். நடுவில் பிள்ளை அழும், பக்கத்தில் இருக்கும் கிண்ணத்தில் இருந்து சோற்றைப் பிசைந்து அப்படியே ஊட்டுவார்கள், புகையிலைத் தூள் ஒட்டின அதே விரல்களால். சிலர் சேலை முந்தியில் துடைத்துக்கொள்வார்கள். அம்மாவும் எனக்கு அப்படித்தான் ஊட்டியிருப்பாள் என்று தோன்றியதும் கொஞ்ச நேரம் என்னால் பேச முடியவில்லை.

சரி, இங்கேதான் படப் புத்தகத்தின் கதை வருகிறது. புத்தகத்தில் கை கழுவும் படம் ஆறு பக்கம். எல்லாப் படத்திலும் சுவரில் பதித்த வாஷ்பேசின், திருகும் குழாய், திரவ சோப்பு பாட்டில். அந்த ஊரில் ஒரு வீட்டில்கூட அப்படி இல்லை. நாலாவது வாரம் கையை எப்படித் தேய்க்க வேண்டும், இருபது விநாடி தேய்க்க வேண்டும் என்று காலேஜ் பையன்களில் ஒருவன் அழகாகத்தான் சொல்லிக்கொண்டு போனான். கேட்டுக்கொண்டே பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒரு மதினி கடைசியில் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "கழுவணும்னு தெரியாமலா தம்பி இருக்கோம்? எந்திரிச்சுப் புறவாசலுக்குப் போய், தண்ணி மோந்து, சோப்பு தேடிக் கழுவிட்டு வந்து உக்காரதுக்குள்ள அம்பது பீடி போச்சு. ஒரு நாளைக்குப் பிள்ள பத்து தடவ கேக்குவான்."

ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. எழுந்திருக்கிற ஒவ்வொரு தடவையும் கூலியில் குறைகிறது. இதைத்தான் எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லவில்லை. ஊரில் அறியாமை என்று நினைத்துக்கொண்டு போகிறோம், ஆனால் அங்கே இருப்பது தூரம். திண்ணைக்கும் தண்ணீருக்கும் உள்ள தூரம், தண்ணீருக்கும் சோப்புக்கும் உள்ள தூரம்.

சோப்பு ஏன் தண்ணீர் பக்கத்திலேயே இல்லை என்று அடுத்த வாரம் வீடு வீடாகக் கேட்டோம். பாதிப் பேர் சொன்ன பதில்: "வெளிய வச்சா காக்கா தூக்கிட்டுப் போயிருதுல்லா." உண்மைதான், எங்கள் வீட்டிலும் போயிருக்கிறது. அதனால் சோப்பு குளியல் அறை மாடத்திலோ அடுக்களை ஜன்னலிலோ பத்திரமாக இருக்கும், கை கழுவ வருகிறவர்களுக்கு எட்டாது. மீதிப் பேர், சோப்பு ஈரத்திலேயே கிடந்து கரைந்து போகிறது, காசு வீண் என்றார்கள். ஒரே ஒரு ஆச்சிதான் வேறு மாதிரி பேசினாள். "முன்னெல்லாம் வாசல்ல ஒரு குடம் தண்ணி, மேல ஒரு செம்பு இருக்கும். வெளிய போயிட்டு வந்தா கால், கை, மூஞ்சி கழுவாம உள்ள வர முடியாது. தளம் போட்டு குழா இழுத்ததும் அந்தக் குடம் போச்சு."

எனக்கு அந்தப் பேச்சில்தான் வழி கிடைத்தது. புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டாம், போன குடத்தைத் திரும்ப வைத்தால் போதும். மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்கு அடியில் ஒரு சின்னக் குழாய் பொருத்தினோம், அதைத் திண்ணை ஓரமாகவே வைத்தோம். சோப்பை வெங்காயம் வருகிற வலைப் பையில் போட்டு, பக்கத்துத் தூணில் ஆணி அடித்துக் கட்டித் தொங்கவிட்டோம். வலையோடு சேர்த்தே தேய்க்கலாம், நுரை வரும், தண்ணீர் வடிந்துவிடும், சோப்பு கரையாது, காக்கை கொண்டுபோகாது. பிள்ளை கேட்டால் கையை நீட்டினால் போதும், எழுந்திருக்க வேண்டாம். டீச்சர் இன்னொன்று செய்தார். பிள்ளைகளையும் பெண்களையும் கூட்டி வைத்து உள்ளங்கையில் தேங்காய் எண்ணெயில் குழைத்த மஞ்சள் தூளைத் தடவிவிட்டு, வெறும் தண்ணீரில் கழுவச் சொன்னார். போகவில்லை. அப்புறம் சோப்பு. ரேகை இடுக்கிலும் நகக்கண்ணிலும் மட்டும் மஞ்சள் மிச்சம். எங்கே இன்னும் தேய்க்க வேண்டும் என்று கையே காட்டிவிட்டது. ஆறு பக்கப் படத்தைவிட அந்தப் பத்து நிமிடம் மேல். சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கத்தால் வயிற்றுப்போக்கு சுமார் 30 சதவீதம் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன, அதையும் சொன்னோம், ஆனால் ஊருக்கு அந்த எண் தேவைப்படவில்லை, மஞ்சள் கறை போதுமாக இருந்தது.

அடுத்து வயிற்றுப்போக்கு. இதில் நாங்கள் சொல்லிக்கொடுத்தது நிஜமாகவே புதிதாக இருந்தது. "பேதி போகையில தண்ணி குடுத்தா இன்னும்லா போகும்?" என்று ஒரு இளம் தாய் கேட்டாள், சுற்றி இருந்த பெரியவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். பிள்ளையைக் கொல்வது பெரும்பாலும் பேதி இல்லை, அதில் போகிற தண்ணீரும் உப்பும். போகப் போக ஈடு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது. இதற்கு நான் சொன்ன கதை திலீப் மகலனாபிசுடையது. 1971, வங்கதேசப் போர், எல்லைப்புறத்தில் பொங்காவ் அகதி முகாம், காலரா. சலைன் பாட்டில் தீர்ந்துபோனது. அந்த டாக்டர் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரை டிரம்களில் கரைத்து வைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே குவளையில் மொண்டு கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நாலு பேருக்கும் கீழே இறங்கியது. அவர் இறந்த பிறகு 2023-இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். ஊசி போட்டவர்கள் இல்லை, பக்கத்தில் இருந்த அம்மாவும் அக்காளும்தான் காப்பாற்றினார்கள் என்றதும் அந்தத் திண்ணையில் பீடி சுற்றுகிற கைகள் நின்றன. அந்த ஒரு தடவைதான் பார்த்தேன்.

அந்த உப்பு-குளுக்கோஸ் கலவைதான் ஓ.ஆர்.எஸ்., அதன் பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் இலவசமாகவே கிடைக்கிறது, பல வீட்டில் இருக்கவும் செய்கிறது. கலக்குகிற விதம்தான் தப்பு. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்குகிறார்கள், சீக்கிரம் கேட்கும் என்று. அது ஆபத்து, உப்பு மிஞ்சிப்போகும். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 20.5 கிராம் பொடி, பாக்கெட்டின் முதுகில் எத்தனை மில்லி தண்ணீருக்கு என்று போட்டிருக்கும், 200 மில்லிக்கு உள்ள சின்னப் பாக்கெட்டும் உண்டு, பார்த்துக் கலக்க வேண்டும். கலக்கினது ஒரு நாளைக்குத்தான், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டி. படப் புத்தகம் இதைச் சரியாகத்தான் போட்டிருந்தது, ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் கரண்டி ஒவ்வொரு அளவு, செம்பும் ஒவ்வொரு அளவு. நாங்கள் 5 மில்லி அளவுக் கரண்டிகள் வாங்கிக் கொடுத்தோம், லிட்டருக்குக் காலித் தண்ணீர் பாட்டில். கூடவே, பேதியாகும் குழந்தைக்கு 14 நாள் துத்தநாக மாத்திரை கொடுக்க வேண்டும், பேதி நின்றாலும் முழுக்கக் கொடுக்க வேண்டும் என்பதையும். கண் குழி விழுந்தால், அழுதால் கண்ணீர் வராவிட்டால், குடிக்கவே மறுத்தால், ரத்தம் போனால் எதற்கும் காத்திருக்காமல் 108.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது ஒரு பெரிய தப்பு செய்தோம், அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நிறுவனம் எங்களுக்கு பாட்டில் தண்ணீரும் சாப்பாட்டுப் பொட்டலமும் டவுனில் இருந்தே கொடுத்தனுப்பும். இரண்டாவது வாரம் குடிநீர் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு பெரியம்மா கேட்டாள்: "எங்க ஊருத் தண்ணி நல்லதுன்னா நீங்க ஏன் பாட்டில் தண்ணி குடிக்கிய?" யாரிடமும் பதில் இல்லை. அன்றோடு பாட்டிலை நிறுத்தினோம், காய்ச்சி ஆறின தண்ணீர் ஒரு வீட்டில் கேட்டு வாங்கிக் குடித்தோம். சாப்பாட்டுப் பொட்டலத்தையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், அரிசி பருப்புக்குக் காசு கொடுத்து அங்கேயே சாப்பிட்டோம். அதற்கு முன் "டீச்சர்" என்று கூப்பிட்டவர்கள் அதற்குப் பிறகு என்னை "தாயி" என்று கூப்பிட்டார்கள். சேருகிறவர்கள் இதை முதல் வாரமே செய்யுங்கள்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. ஒருங்கிணைப்பாளர் எல்லாக் கூட்டத்தையும் கோயில் மண்டபத்தில் போட்டிருந்தார், நிழல் இருக்கிறது, இடம் பெரிது என்று. முதல் கூட்டத்துக்குக் காலனியில் இருந்து ஒரு பெண்கூட வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவர் எங்களைக் கேட்டார். இந்தச் சீமையில் பிறந்தவர்களுக்கு இது கேட்கிற கேள்வியே இல்லை. அடுத்த வாரமே அங்கன்வாடிக் கட்டிடத்துக்கு மாற்றச் சொன்னோம், அதற்கும் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், டீச்சர் அசையவில்லை. காலனிப் பெண்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள். எல்லோரும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள் என்று நான் எழுத மாட்டேன், அது பொய். ஆனால் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் கலங்கலாக வருகிறது என்ற புகார் இரண்டு பக்கமும் ஒரே புகார் என்று அந்த அறையில்தான் தெரிந்தது. கிருமி கோயிலையும் காலனியையும் பார்த்து ஒதுங்கிப் போவதில்லை, சுகாதாரம் சொல்லிக்கொடுக்க வருகிறவர்கள் இடம் தேர்வு செய்வதற்கு ஏன் பயிற்சி கொடுக்கவில்லை என்று நான் எழுதியே கேட்டிருக்கிறேன்.

அந்தத் தொட்டி விஷயம் எங்கே போனது என்றும் சொல்கிறேன். கிராம நர்சம்மாவிடம் குளோரின் பார்க்கிற சின்னப் பெட்டி இருந்தது, தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டால் குளோரின் இருக்கிற அளவுக்கு மஞ்சளாக மாறும். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். தெருக்கோடிக் குழாயில் பிடித்த தண்ணீர் நிறமே மாறவில்லை. பெண்கள் கண்ணால் பார்த்தார்கள். அக்டோபர் 2 கிராம சபை வந்தது. எட்டுப் பத்துப் பெண்கள் சேர்ந்து போய், தொட்டி கழுவின தேதியைத் தொட்டியிலேயே எழுத வேண்டும், பிளீச்சிங் பவுடர் போடுகிறதை நோட்டில் பதிய வேண்டும் என்று கேட்டு, அதைத் தீர்மானமாக எழுதும்வரை எழுந்து வரவில்லை. நாங்கள் அங்கே வாயே திறக்கவில்லை. இப்போது தேதி எழுதுகிறார்கள்.

கொசு எனக்குச் சொந்த விஷயம், அதனால் அந்த வாரத்தை நானே எடுத்துக்கொண்டேன். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு சாக்கடையில் வளர்வதில்லை, நாம் குடிக்கவும் புழங்கவும் பிடித்து வைக்கிற நல்ல தண்ணீரில்தான் வளர்கிறது, பகலில்தான் கடிக்கிறது. முட்டையில் இருந்து கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாள். அதனால் வாரம் ஒருநாள் தொட்டியைக் காலி செய்தால் சங்கிலி அறுந்துவிடும். இதுவரை பலருக்குத் தெரியும். தெரியாதது அடுத்தது: முட்டை தண்ணீருக்குள் இல்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டியின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் ஏறினால் பொரிக்கும். ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, தேங்காய் நாரோ பிரஷ்ஷோ போட்டு உட்சுவரைச் சுற்றிலும் தேய்க்க வேண்டும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, வாயை வலைத்துணியால் கட்டி, அங்கன்வாடி ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன். மறுவாரம் போனபோது புழு இல்லை, உள்ளே கொசுக்கள் பறந்துகொண்டிருந்தன. பிள்ளைகள் ஒரு வாரமும் தினசரி போய்ப் பார்த்திருக்கிறார்கள். 2012-இல் யாராவது எனக்கு அந்தப் பாட்டிலைக் காட்டியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வயசுப் பிள்ளைகள் பற்றி. புத்தகத்தில் மாதவிடாய்க்கு இரண்டு பக்கம் இருக்கிறது, ஆனால் அதை யார் பேசுவது, எங்கே பேசுவது என்று ஒரு ஏற்பாடும் இல்லை, ஆண்கள் மட்டும் உள்ள குழுக்களையும் அதே புத்தகத்தோடு அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் நல்ல நேரம், டீச்சரும் நானும் இருந்தோம். அங்கன்வாடிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினோம். புதுயுகம் திட்டத்தில் அரசு கொடுக்கிற நாப்கின் வாங்குகிறார்கள், ஆனால் போட்டு முடித்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் வாய்க்காலில் எறிகிறார்கள். துணி வைக்கிறவர்கள் யார் கண்ணிலும் படக் கூடாது என்று கட்டிலுக்கு அடியில் காயப் போடுகிறார்கள். சோப்புப் போட்டு அலசி வெயிலில் காய வைக்க வேண்டும், கூச்சமாக இருந்தால் மேலே ஒரு மெல்லிய துண்டைப் போட்டு மூடிக் கொடியில் போடு என்று டீச்சர் சொன்னது அவர்களுக்குச் சரியாக வந்தது. பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கிற நீல இரும்பு மாத்திரையைப் பாதிப் பேர் சன்னல் வழியாக எறிகிறார்கள். மலம் கறுப்பாகப் போகிறது, பயமாக இருக்கிறது. அது மாத்திரையால் வருவது, கெடுதல் இல்லை என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. காப்பி டீயோடு சேர்த்துப் போடாதே, எலுமிச்சம்பழச் சாறோ நெல்லிக்காயோ சாப்பிடு, சோறு சாப்பிட்ட பிறகு போடு, இவ்வளவுதான். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது, அந்த அறையில் இருந்த பிள்ளைகளின் நகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கொக்கிப்புழு வெறுங்காலின் தோல் வழியாக ஏறி ரத்தத்தைக் குடிக்கிறது என்று சொன்னதும் ஒருத்தி காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். செருப்புப் போடு, பிப்ரவரியில் பள்ளியில் கொடுக்கிற பூச்சி மாத்திரையை மென்று முழுங்கு.

நாய்க்கடி புத்தகத்தில் இல்லவே இல்லை, ஊரிலோ அதுதான் எல்லாருக்கும் கேள்வி. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பிப்பொடி எல்லாம் வைத்துக் கட்டுகிறார்கள். எதுவும் வேண்டாம், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக ஆரம்ப சுகாதார நிலையம், தடுப்பூசி அங்கே இலவசம், சொன்ன தேதிக்கெல்லாம் போய் முழுக்கப் போட வேண்டும். ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் அதற்கப்புறம் பிழைக்க வைக்க மருந்து இல்லை.

பல், நகம், பேன் எல்லாம் சுலபமாகப் போய்விட்டது. ஒரு ஈருளியும் இரண்டு நகவெட்டியும் பத்துச் சொற்பொழிவுக்குச் சமம். கழிப்பறையில் எங்களால் பெரிதாக ஒன்றும் முடியவில்லை. 12,000 ரூபாய் மானியத்தில் கட்டினது பல வீட்டில் விறகு வைக்கிற இடமாகக் கிடக்கிறது, தண்ணீர் குறைவு ஒரு காரணம், குழி நிறைந்தால் யார் அள்ளுவது என்ற பயம் இன்னொன்று. இரட்டைக் குழியில் ஒன்று நிறைந்ததும் அடுத்ததுக்குத் திருப்பிவிட்டால், மூடின குழி ஒன்றரை இரண்டு வருடத்தில் மக்கி உரமாகிவிடும் என்று சொன்னோம். மூன்று வீட்டில் விறகை எடுத்தார்கள். அவ்வளவுதான்.

நிறுவனத்தோடு நான் சண்டை போட்ட இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வாரமும் செயலியில் படம் ஏற்ற வேண்டும், "முன்", "பின்" என்று. பரட்டைத் தலையும் மூக்குச் சளியுமாக ஒரு பிள்ளையின் முகம், அப்புறம் அதே பிள்ளை குளித்துப் பவுடர் பூசி. நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை வளர்ந்து ஒருநாள் தன் முகத்தை அப்படி எங்காவது பார்த்தால் என்ன நினைக்கும்? கைகளை மட்டும், வாளியை மட்டும், சோப்பு வலையை மட்டும் எடுத்து அனுப்பினோம். ஒருங்கிணைப்பாளர் எங்கள் குழுவுக்கு மட்டும் ஒத்துக்கொண்டார், விதியை மாற்றவில்லை. சேருமுன் இதைக் கேளுங்கள். அவர்கள் கணக்கில் எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தார்கள் என்பது மட்டும்தான் இருக்கிறது, எத்தனை திண்ணையில் சோப்பு தொங்குகிறது என்று ஒரு கட்டம்கூடக் கிடையாது. நாங்களே எண்ணினோம். முதலில் விரல் விட்டு எண்ணுகிற அளவு, கடைசி வாரம் பீடி சுற்றுகிற தெருவில் பாதிக்கு மேல். மற்றத் தெருக்களில் அவ்வளவு இல்லை.

அப்படியானால் எதற்கு மூன்றரை? ஒரே ஊருக்குப் பன்னிரண்டு வாரம் தொடர்ந்து அனுப்புகிறார்களே, அதற்குத்தான் மூன்று. ஒருநாள் முகாம் போட்டு, பேனர் கட்டி, சோப்பு கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் எவ்வளவோ பேர் வந்து போய்விட்டார்கள் என்று ஊரே சொல்கிறது. காக்கை சோப்பைத் தூக்குகிற விஷயம் ஐந்தாவது வாரம்தான் வெளியே வந்தது, துணி காயப்போடுகிற விஷயம் ஒன்பதாவது வாரம். அரை மதிப்பெண் அந்த ஓய்வுபெற்ற நர்சம்மாவுக்கு. குறைத்த ஒன்றரை, மண்டபத்துக்கும் படங்களுக்கும், பன்னிரண்டு வாரம் முடிந்ததும் அந்த ஊரைத் திரும்பிப் பார்க்க ஒரு ஏற்பாடும் வைக்காததற்கும்.

போகிறவர்களுக்கு: ஞாயிறு முழுவதும் விட முடியாது என்றால் சேராதீர்கள், நடுவில் நிற்கிறவர்களால் ஊருக்கு மனசு விட்டுப் போகிறது. கொடை நடக்கிற வாரம் பாடம் வைக்காதீர்கள், சும்மா போய்ச் சாமி கும்பிட்டுப் பொங்கல் சாப்பிட்டு வாருங்கள். ஊரின் கிராம நர்சம்மாவையும் அங்கன்வாடி அம்மாவையும் முதல் வாரமே போய்ப் பாருங்கள், நாம் போன பிறகும் அங்கே இருக்கப்போவது அவர்கள்தான். மாத்திரை மருந்து எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். கையில் நகவெட்டி, ஈருளி, அளவுக் கரண்டி, வெங்காய வலை.

கடைசி ஞாயிறு பஸ்சுக்கு நின்றுகொண்டிருந்தபோது அந்த வாசல் குடத்து ஆச்சி வந்தாள். அழவெல்லாம் இல்லை. "வல கிழிஞ்சு போச்சு தாயி, சோப்பு கீழ விழுது. அடுத்த தடவ வரையில ரெண்டு கொண்டா" என்றாள். அவர்கள் கணக்கில் அடுத்த தடவை கிடையாது. மறு மாதம் மழை ஓய்ந்த ஒரு ஞாயிறு, டீச்சரும் நானும் நாலு வலை எடுத்துக்கொண்டு போனோம்.